பேரைச் சொல்லும்வரை அடிக்கிற மணி

மாதப்பன் போன் செய்தபோது கையில் வேலை இருந்ததால் நான் எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. எரிச்சலோடு எடுத்தேன். "நிசா மேடம் காலையில போயிட்டாங்கம்மா. நீங்க எடுக்கிற வரைக்கும் விடக்கூடாதுன்னு அடிச்சிட்டே இருந்தேனுங்க" என்றார். அது நிசாவிடமிருந்து அவருக்கு வந்த பழக்கம்.

மெஹருன்னிசாவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தருமபுரி கடைவீதியில் டிரங்குப் பெட்டி செய்து விற்கிற குடும்பத்துப் பெண். எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதில் புரோகிராம் எழுத வந்தவர். ஒகேனக்கல் பக்கம் ஆற்றோரத்தில் எங்கள் பம்பு வீடு. ஆற்றின் மேல்பக்கம் நீர்மட்டம் பார்க்கும் ஒரு கருவி. இரண்டையும் டெலிபோன் கம்பி வழியாகத் தருமபுரிக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். ஆற்றில் வெள்ளம் ஏறினால் பம்பு வீட்டில் மணி அடிக்கும். பிரிண்டரில் "வெள்ளம், மேலே ஏறு" என்று வரும். அங்கிருக்கும் ஆள் தன் பேரைத் தட்டச்சு செய்தால்தான் மணி நிற்கும்.

"பேரெல்லாம் எதுக்கு நிசா, ஒரு பட்டன் வெச்சா பத்தாதா?" என்று கிண்டல் செய்தேன். "பட்டனை ஆடுகூட மிதிச்சுட்டுப் போயிடுங்க. பேரை மனுசன்தான் அடிப்பான். அடிச்சவன் அப்புறமா எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது" என்றார்.

பம்பு வீட்டுக்கு ஆய்வு என்று போய் எங்கள் மேலதிகாரி மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், சோதனைக்காக அந்த மணி அடித்தது. மறுநாள் நிசாவைக் கூப்பிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன். "என்னம்மா இது, எழவு வீடு மாதிரி? மூணு தடவை அடிச்சா போதும். வெள்ளம்னு போட்டா ஜனம் பயந்துடும். தண்ணீர் வருகிறதுன்னு மரியாதையா போடு."

"சார், நம்ம ஊர்ல தண்ணி வருதுன்னா யாரும் பயந்து ஓட மாட்டாங்க. கொடத்தைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க."

அவர் சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்றே மாற்ற வைத்தார்.

அந்த வருடம் நல்ல வறட்சி. பம்பு வீட்டுக் கிணறு காய்ந்து, மோட்டார் சும்மா கிடந்தது. எங்கோ கர்நாடகத்தில் மழை கொட்டியது நமக்கு எப்படித் தெரியும்? கருவிக்குத் தெரிந்தது. மணி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. பம்பு ஓட்டுநர் மாதப்பன், "தண்ணீர் வருகிறது" என்ற செய்தியைப் படித்தார். "சாமி கண்ணைத் தொறந்துடுச்சுன்னு நெனச்சேனுங்க. வால்வுல மண்ணு அடைச்சிருந்துச்சு, எடுத்துவுட்டா மோட்டாரு புடிக்கும்னு சந்தோசமா கெணத்துல எறங்கினேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். வெள்ளம் அவர் வலது காலைக் கொண்டுபோய்விட்டது.

விசாரணையில் மேலதிகாரி ஒரே வாக்கியம் சொன்னார்: "எல்லாம் அந்தப் பொண்ணு எழுதினதுங்க." நான் நடந்ததைச் சொன்னேன். தோழி அப்படித்தான் பேசுவாள் என்று தள்ளிவிட்டார்கள். நிசாவுக்கு வேலை போயிற்று. மேலதிகாரிக்குப் பதவி உயர்ந்தது. அதற்கப்புறம் நிசா அப்பாவின் கடையில் உட்கார்ந்து, பெட்டி வாங்குகிறவர்களின் பேரைப் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார். "ஆரு பொட்டின்னு தெரியணுமில்லீங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

காமாலை நிசாவைக் கொண்டுபோனது. அந்தப் பழியை மேலதிகாரி மேல் போட மாட்டேன். அவர் போட்ட பழியை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுப்பேன். அலுவலகத்தில் நிசாவுக்கு இரங்கல் கூட்டமாம், தலைமை அவராம். "நான் வளர்த்த பெண்" என்று பேசப்போவதாகக் கேள்வி.

அவர் பேரை இங்கே நான் எழுதவில்லை. பயந்து அல்ல. அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். நிசாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழைய மணியை, மேலதிகாரி திருத்துவதற்கு முன்பிருந்ததை. கூட்டத்தில் மாதப்பனும் நானும் முன்வரிசையில் உட்காருவோம். "மாத்தச் சொன்னது ஆருங்க?" என்று மாதப்பன் கேட்பார். பதில் வராவிட்டால் நான் கேட்பேன். அப்புறம் மறுபடி மாதப்பன்.