அப்பாவின் சனிக்கிழமை

என் அப்பா ஸ்ரீராமன் வாரத்தில் ஆறு நாள் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். ஞாயிறு காலையில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோவிலில் பாசுரம் ஓதுகிறார். ஓதுகிறவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு வரியை இந்த வரிசை சொன்னால் அடுத்ததை அந்த வரிசை சொல்லும். அதைத்தான் கோஷ்டி என்கிறோம். தாத்தா உட்கார்ந்த இடத்தில் இப்போது அப்பா. எதிரே கிருஷ்ணஸ்வாமி மாமாவும் அவர் தம்பியும். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் பிள்ளையோடு இருக்கப்போகிறேன் என்று அமெரிக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அப்பா தன் வரிசையை ஒற்றை ஆளாக இழுப்பார். நடுவில் இருமல் வந்தால் எதிர் வரிசை காத்திருக்கும்.

இது போக சனிக்கிழமை மாலை இருக்கிறது. கொரோனா சமயத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அப்பா இணையத்தில் பாசுர வகுப்பு ஆரம்பித்தார். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நான்தான் இப்போது அதை நடத்திக்கொடுக்கிறேன். இணையத்தில் சேர்ந்து ஓத முடியாது. ஒவ்வொருவர் குரலும் கொஞ்சம் பிந்தி வந்து ஒரே கூச்சலாகிவிடும். அதனால் எல்லோரையும் மியூட்டில் போட்டுவிடுவேன். அப்பா ஒரு வரி சொல்வார். மற்றவர்கள் அவரவர் வீட்டில் திருப்பிச் சொல்வார்கள். கடைசி அரை மணி நேரம் கேள்வி, விவாதம். அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

அந்தக் கூட்டத்தில் சின்னராசுவும் ஒருவராக இருந்தார். பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக்காரர். காக்களூரிலேயே அப்பா கம்பெனிக்கு நாலு தெரு தள்ளி ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். எங்கள் கோவிலில் ஓத உட்காரும் குடும்பங்களைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் நாலு வருடத்தில் ஒரு வகுப்பு விட்டதில்லை. லேத் ஓடும்போதே மனப்பாடம் செய்வாராம்.

போன வருடம் ஒருநாள் அவர் கையைத் தூக்கினார். நான் மியூட்டை எடுத்துவிட்டேன்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பாட்டெல்லாம் பாடுனாங்களே ஆழ்வாருங்க, அவங்கள்ல எத்தினி பேரு இன்னிக்கி வந்தா உங்க வரிசைல உக்கார முடியும்?"

அப்பா "அடுத்த வாரம் பதில் சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பழைய புத்தகங்களை எல்லாம் இறக்கிப் படித்தார். "ஒரு லேத்காரன் கேட்டதுக்கு இவ்வளவு அல்லாடணுமா?" என்று அம்மா கேட்டாள். "அவன் கேட்டது சரி பூமா. அதான் தூக்கம் வரலை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அப்பா கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை வருஷம் நான் தப்பா நெனச்சிண்டிருந்தேன். பாசுரம் தெரிஞ்சவா யாரா இருந்தாலும் கோஷ்டியில உட்காரலாம். சின்னராசு, இனிமே என்னைச் சாமின்னு கூப்பிடாதீங்கோ. ஒரு நாள் நம்ம கோவிலுக்கு வாங்கோ. என் பக்கத்துல இடம் காலியாத்தான் இருக்கு."

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். அந்தப் பதிவு, இணையம் பக்கமே போகாத கிருஷ்ணஸ்வாமி மாமா வீட்டைத் தவிர, எங்கெங்கோ பரவியது. எளாவூரிலிருந்து ஒரு பெண் தன் மாமனாருக்கு அதைப் போட்டுக்காட்டியதாக எழுதினாள். அன்றைக்கு எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சின்னராசுவிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "பாப்பா, நாலு வருசமா தனியாவே சொல்லிக்கினு கீறேன். ஒரே ஒரு பாட்டு, நாலு பேரோட சேந்து வாயைத் தொறந்து சொல்லிட்டாப் போதும். அப்பாவ கேட்டு நாள் சொல்லு."

மூன்று மாதம் ஆகியும் அப்பா நாள் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. கடைசியில் சின்னராசு தானாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். புது வேட்டி, நெற்றியில் திருமண், கையில் வாழை இலையில் சுற்றிய துளசி. வாடகை வீட்டு மாடியில் தொட்டியில் வளர்த்த துளசி என்று என்னிடம் சொன்னார்.

அப்பா வாசலுக்கு விரைந்து வந்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்குப் பெரியவா ரெண்டு பேரும் இருக்கா. நான் இன்னும் அவாள்ட்ட பேசலை. நீங்க அந்தத் தூண்கிட்ட நின்னுண்டு மனசுக்குள்ள சொல்லிண்டிருங்கோ. அடுத்த தடவை பார்க்கலாம்."

சின்னராசு அப்பாவையே பார்த்தார். பிறகு "சரிங்க சாமி" என்றார்.

கோஷ்டி ஆரம்பித்தது. நாலைந்து பாசுரம் நன்றாகப் போனது. ஆறாவதில் அப்பாவுக்கு இருமல் வந்தது. அவர் வரிசையின் வரி தொண்டையில் நின்றுவிட்டது. எதிர் வரிசை காத்திருந்தது.

தூண் பக்கமிருந்து அந்த வரி வந்தது. பட்டறைச் சத்தத்தில் பழகிய பெரிய குரல். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கிருஷ்ணஸ்வாமி மாமா கண்ணை மூடியிருந்தார். பழக்கத்தில் அவரும் தம்பியும் அடுத்த வரியைச் சொன்னார்கள். மறுபடி தூண், மறுபடி அவர்கள். அந்தப் பாசுரம் முழுசாக முடிந்தது. அவ்வளவு நன்றாக அந்தக் கோஷ்டியை நான் கேட்டதில்லை.

மாமா கண்ணைத் திறந்தார். அப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யாருடா அது? ஸ்ரீராமா, நோக்குத் தெரிஞ்சவனா?"

அப்பாவுக்கு இருமல் நின்றிருந்தது.

"இல்லை மாமா. யாரோ சேவிக்க வந்தவர்."

"சேவிக்க வந்தவன் சேவிச்சுட்டுப் போகவேண்டியதுதானே. இதென்ன நடுவுல?"

சின்னராசு துளசியைப் படியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

"இன்னாத்துக்கு அழுவுற பாப்பா? ஒரு பாட்டு ஃபுல்லா சேந்து சொல்ட்டேன்ல. அத்தத்தான கேட்டேன்."

"அப்பா நிஜமாவே மாறினார் அண்ணா. நான் பார்த்தேன்."

"நானுந்தான் பாத்தேன். யாரு இல்லேன்னா? ஆனா அவரு சனிக்கெழமை மாறுனவரு. இன்னிக்கி ஞாயித்துக்கெழமை." சிரித்தார். "உள்ள போ. அந்தப் பெருசு உன்னையும் திட்டப்போவுது."

வீட்டில் அப்பா மத்தியானம் சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, "எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்" என்றார். அம்மா ரசம் ஊற்றினாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சின்னராசுவின் பெயர் இல்லை. அப்பா பட்டியலை இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார்: "இப்படி வாராவாரம் பேசறதால யாராவது மாறியிருக்காளா?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"நானே சாட்சி" என்றார். பழைய கதையைச் சொன்னார், ஒரு லேத் தொழிலாளி கேட்ட கேள்வியை, தான் தூங்காத இரவுகளை. பேர் சொல்லவில்லை. திரை முழுக்கக் கும்பிட்ட கைகள் வந்தன. புதிதாகப் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேராவது உண்மையாகவே மனசு மாறியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு யாரும் துளசியோடு வந்து நிற்காதவரை அது அப்படியே இருக்கும்.

இப்போதும் ஞாயிறுகளில் அப்பா ஒற்றை ஆளாகத்தான் ஓதுகிறார். இருமல் அதிகமாகிவிட்டது. வரி நிற்கும்போது கிருஷ்ணஸ்வாமி மாமா காத்திருக்கிறார். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு தூணைப் பார்க்கிறார்.