கிஸ்மல்லா தண்ணீர் குடிக்கப் போன மரம்

கிஸ்மல்லா தன் ஐம்பத்தெட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரைவிடத் தின்ற தர்பூசணி அதிகம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வறண்ட ஊரான உம் கரேனில் மழை ஓய்ந்தபின் எல்லோருக்கும் அதுதான் கதி. பறித்த பழங்களைக் கம்பந்தட்டைக்கு அடியில் குவித்து வைப்போம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மனிதன், ஆடு, ஒட்டகம் எல்லாம் அந்தக் குவியலைத்தான் குடிக்கும். கிஸ்மல்லா மட்டும் இதை ஒரு சாதனையாக நினைத்தார். "நாலு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி தொட்டதில்ல" என்று சந்தையில் சொல்வார். கேட்பவர்களும் அதே நாலு மாதமாகத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதால் யாரும் வியந்ததில்லை.

இந்த ஜனவரியில் அவருடைய கால்கள் வீங்கின. செருப்பு ஏறவில்லை. மனைவி பதூல் அவரை லாரியில் ஏற்றி நகரத்து மருந்தகத்துக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்குச் சுண்ணக்கட்டி வாங்க வேண்டியிருந்ததால் நானும் அதே லாரியில் போனேன். அங்கிருந்த மருத்துவர் ஹகீம் தாஜுத்தீன் ரத்தம் எடுத்தார், மதியம் வரை உட்கார வைத்தார், பிறகு கூப்பிட்டார்.

"சிறுநீரகம் பாதி வேலைதான் செய்யுது. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சு. இன்னும் ஏறினா நெஞ்சு ஒருநாள் சொல்லாம நின்னுடும். தர்பூசணிய விட்டுடுங்க பெரியவரே."

"எத்தன நாளைக்கு?"

"நான் சொல்ற வரைக்கும். தண்ணி குடிங்க. உப்பில்லாத தண்ணி, ஒரு நாளைக்கு ஆறு குவளை. கூடவும் வேண்டாம்."

"தண்ணிதானே ஹகீம் பழத்துக்குள்ள இருக்கு?"

"தண்ணி மட்டும் இல்ல."

மருந்தகத்தின் வெளிச்சுவரில் தர்பூசணியின் நன்மைகள் எழுதியிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் அதை எழுதியவன் நான்தான். வாசகம் மேலிடத்திலிருந்து அச்சடித்து வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தண்ணீர். வைட்டமின் ஏ கண்ணுக்கு, சி காயம் ஆறுவதற்கு. சிவப்பு நிறம் தரும் லைகோபீன் உடலின் உயிரணுக்களைக் காக்கும். விதையில் புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு. எங்கள் பழம் உள்ளே வெளிறித்தான் இருக்கும். அந்தச் சிவப்பு வேறு யாருக்கோ எழுதியது. கிஸ்மல்லாவுக்கு எழுத்து தெரியாது. பொட்டாசியம் எங்கே என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டி வாசித்தேன்: ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், நெஞ்சுக்கு நல்லது.

"நெஞ்சுக்கு நல்லதுன்னு வெளிய எழுதியிருக்க. நெஞ்சு நின்னுடும்னு உள்ள அவன் சொல்றான். ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதான் சம்பளமா, வாத்தியாரே?"

"ரெண்டும் உண்மைதான். சிறுநீரகம் நல்லா இருக்கறவனுக்கு வெளிச்சுவர். உமக்கு உள்ளறை."

"அப்ப அதையும் சுவத்துல எழுது."

இடம் இல்லை என்றேன். உண்மையில் நிறைய இடம் இருந்தது. யாருக்கு என்று கேட்காமல் ஒன்றை நல்லது என்று எழுதிவைத்தது என் தவறும்தான்.

ஊர் திரும்பியதும் தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. ஆழ்துளைக் கிணறு பதினான்கு மைல் தள்ளி. அதன் தண்ணீர் கரிக்கும். எங்கள் மற்றொரு சேமிப்பு பெருக்கமரம். பருத்த அடிமரத்தை மேலிருந்து குடைந்து மழைத் தண்ணீரை ஊற்றி மூடிவைப்போம். போன மழையில் எந்த மரமும் கால்வாசிக்கு மேல் நிரம்பவில்லை. பள்ளத்தில் நின்ற ஒரே ஒரு மரம் வாய்வரை நிரம்பியது. அது பதூலின் அண்ணன் ஜுபாராவின் மரம்.

எங்கள் பக்கத்தில் யார் வயலில் புகுந்தும் தர்பூசணி தின்னலாம். விதையை மட்டும் ஓரிடத்தில் குவித்து வைத்துவிட்டுப் போக வேண்டும், விதை வயல்காரனுடையது. ஏழு வருடத்துக்கு முன் ஜுபாரா, கிஸ்மல்லாவின் வயலில் ஆறு பழம் தின்றுவிட்டு விதைகளை மணலில் துப்பிவிட்டுப் போனார். காற்றடித்தது, குவியல் பறந்துவிட்டது என்றார். கிஸ்மல்லா ஊர் நடுவில் நின்று சத்தியம் செய்தார்: "அவன் மரத்துத் தண்ணி ஒரு சொட்டு என் வீட்டு வாசலத் தாண்டினா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

இப்படிச் சத்தியம் செய்வது எங்கள் ஆண்களுக்குத் தும்மல் மாதிரி. பெண்டாட்டி என்னவோ அதே பெண்டாட்டிதான்.

"வாயத் தொறக்கும்போது என்னைய எதுக்குப் பணயம் வச்சீங்க?" என்றாள் பதூல். "உங்க ஒட்டகத்த வச்சிருக்கலாமே."

"ஒட்டகம் நல்ல ஒட்டகம்."

"நான் போய் அண்ணன்கிட்ட ஒரு தோல்பை வாங்கிட்டு வரட்டுமா, வேண்டாமா? அதச் சொல்லுங்க. இந்த வயசுல புதுசா மாப்பிள்ள தேட எனக்கு நேரம் இல்ல. விதவையா உக்காரவும் இஷ்டமில்ல."

கிஸ்மல்லா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கரிக்கும் தண்ணீரில் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் காலை தடியை எடுத்துக்கொண்டு, வீங்கிய கால்களோடு அரை மணி நேர மணல்வழியை ஒன்றரை மணி நேரம் நடந்தார். விழுந்துவிடப் போகிறார் என்று பின்னாலேயே நானும் போனேன்.

ஜுபாரா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், காத்துல பறந்து வந்துட்டியா?"

"தண்ணி வேணும்."

"வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதே."

"இங்கயே குடிச்சுட்டுப் போறேன்."

ஜுபாரா யோசித்தார். "வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு வாசலத் தாண்டுவியே. அது என் தங்கச்சி விவகாரம்."

"போய்ச் சேர்றதுக்குள்ள வேர்த்துடும்."

ஜுபாரா என்னைப் பார்த்தார். எனக்கு அந்த அளவு சட்டம் தெரியாது என்றேன். அவர் எழுந்து, மரத்தில் ஏறி, வாளியை இறக்கினார். மூன்று குவளை காலையில். மாலை மூன்று குவளைக்காகக் கிஸ்மல்லா அங்கேயே படுத்துக்கிடந்தார். ஏழு வருடப் பேச்சு பாக்கி இருந்தும் அன்று முழுவதும் இருவரும் ஒட்டகச் சொறியைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

தினமும் இப்படியே நடந்தது. மார்ச்சில் செருப்பு ஏறியது. ஹகீம் மறுபடி ரத்தம் பார்த்து, இறங்கியிருக்கிறது, சிறுநீரகம் இனி முழுதாகத் திரும்பாது, இப்படியே இருங்கள் என்றார். வாரத்துக்கு ஒரு கீற்று தின்னலாம், உள்ளங்கை அளவு.

கிஸ்மல்லா தன் குவியலில் மிஞ்சியதில் பெரிய பழத்தைக் கழுதையில் ஏற்றி மரத்தடிக்குக் கொண்டுபோனார். ஒரு கீற்றை நறுக்கி, உள்ளங்கையில் வைத்து அளந்து தின்றார். மீதிப் பழம் முழுவதையும் ஜுபாரா தின்றார். தின்றுகொண்டே ஒவ்வொரு விதையையும் விரலால் எடுத்து ஒரு துணியில் வைத்தார். காற்று வந்தபோது துணியின்மேல் குனிந்துகொண்டார். முடித்ததும் துணியை முடிந்து நீட்டினார்.

கிஸ்மல்லா முடிச்சைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு கொறையுது."

"நீ முழுங்கியிருப்ப" என்று சொல்லிவிட்டு ஜுபாரா மாலைத் தண்ணீர் எடுக்க மரத்தில் ஏறினார்.