ரேணிகுண்டா சாலையில் நின்ற பஸ்

ஆந்திர மாநிலம் பிறந்த புதிது. ஓட்டப் பந்தயத்துக்காகப் புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். விசில் ஊதியதும் விறைப்பாக நிமிர்ந்து ஓடி, ஆரம்பத்திலேயே பின்தங்குவது என் வழக்கம். "உடனே நிமிராதேடி" என்று டீச்சர் கத்துவார். குனிந்து ஓடினால் தோற்றவள் போலிருக்கும் என்று எனக்கு வீம்பு.

பஸ்ஸில் ஒரு தமிழ்ப் பெரியவரும் ஒரு தெலுங்குப் பெரியவரும், சித்தூர் ஜில்லா ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று மல்லுக்கட்டினார்கள். ரேணிகுண்டா தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் தள்ள இறங்கினார்கள்.

"பொம்பளப் புள்ள, நீ உக்காரும்மா" என்றார் தமிழ்க்காரர்.

"பந்தயத்துக்கு நேரமாவுது பெரிப்பா!" பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

நிமிர்ந்து தள்ளினால் கால்தான் வழுக்கியது. உடம்பை முன்னால் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, தரையைப் பின்னுக்கு உதைத்தேன். வண்டி அசைந்தது. வேகம் கூடக்கூட உடம்பு தானாக நிமிர்ந்தது. டீச்சர் சொன்னது இதைத்தானா!

மைதானத்தில் விசில் ஊதியபோது, எதிரே அந்தப் பஸ் நிற்பதாக நினைத்துத் தள்ளினேன். பாதி தூரத்தில் நிமிர்ந்தபோது எனக்கு முன்னால் யாருமே இல்லை!

எல்லைக் கயிற்றை நெஞ்சில் சுமந்து நின்றேன். பந்தயம் பார்க்கக் கூடவே வந்திருந்த அந்த இரண்டு பெரியவர்களும் ஓடிவந்தார்கள்.

"நம்ம தமிழ்ப் புள்ள எப்படி ஓடிக்கினு வந்திச்சு பாத்தியா!"

"காதண்டி, மா ஆந்திரா அம்மாயி!" இல்லை, தங்கள் ஆந்திராப் பெண் என்றார் தெலுங்குக்காரர்.

மூச்சிரைக்கச் சொன்னேன்: "பஸ்ஸத் தள்ளும்போது இதெல்லாம் கேட்டீங்களா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இன்றும் ஏதாவது வேலை அசைய மறுத்தால், தலையைத் தாழ்த்திக்கொண்டு தள்ளத் தொடங்குகிறேன். நிமிர்வதற்கு நேரம் வரும்.