பத்தாவதோடு நின்ற கலா

இன்று ஒரு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால், செவிலிமேட்டில் பிள்ளைகளுக்காக நடக்கும் இலவச கம்ப்யூட்டர் மையத்துக்குப் போனேன்.

எத்தனை முறை முயன்றும் என் போட்டோ ஏறவே இல்லை.

"தள்ளிக்கோபா, போட்டோ பெருசா இருக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

என்னோடு படித்து, பத்தாவதோடு நின்று தறிக்குப் போன கலா! இரண்டே நிமிடத்தில் போட்டோவைச் சின்னதாக்கி ஏற்றிவிட்டாள்.

"யாருடி சொல்லிக்குடுத்தா?" என்றேன்.

"இங்கதான். ஒரு வருஷமா சாயந்திரமானா வந்துக்கினு இருக்கேன். இப்போ புள்ளைங்களுக்கு நானே சொல்லித் தரேன்."

அதற்குள் ஒரு சிறுமி "கலா மிஸ்!" என்று கூப்பிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் காலேஜ் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர். மவுஸ் ஒருநாளும் என் கைக்கு வந்ததில்லை.

"நீ டிகிரி படிச்சவ. ஞாயித்துக்கிழமை வந்து எங்களுக்கு ஒரு கிளாஸ் எடேன்" என்றாள் கலா, உண்மையான ஆசையோடு.

முடியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. "வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. மானம் போகாமலிருக்க முதலில் எதைக் கற்றுக்கொள்ளட்டும், சொல்லுங்கள். கலாவிடம் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.