கோலாலம்பூரில் என் மகள் காத்திருந்த நேரம்

விடியற்காலை நாலு பத்துக்கு மகள் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தாள். அவள் அப்பா இறந்த செய்தியை அதற்கு முன்பே சொல்லியிருந்தேன். சென்னைக்கு நேர் விமானத்தில் இடமில்லை, கோலாலம்பூர் போய் மாறித்தான் வர வேண்டும் என்றாள். கொழுந்தன் போனை வாங்கிக்கொண்டான்.

அவன் ஒரு காலத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவன். நேரே வாசலுக்குப் போய் ஊர்ப் பெரியவர்களிடம் கணக்குச் சொன்னான்.

"சிங்கப்பூரு ஏர்போர்ட்லருந்து கோலாலம்பூரு ஏர்போர்ட்டு ஒரு மணி நேரம்தான். அங்கருந்து மெட்ராஸ் நாலு மணி நேரம். பன்னெண்டுக்கெல்லாம் பொண்ணு இங்க நிக்கும்."

அடுத்த விமானம் எப்போது என்று அவளிடம் கேட்கவே இல்லை. பழவேற்காடு துறையில் ஒரு படகிலிருந்து இறங்கி அடுத்த படகில் கால் வைக்கிற மாதிரி நினைத்துக்கொண்டான். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒரு படகும் தொழிலுக்குப் போகாது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்து இறால் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. பக்கத்து ஊர்க்காரர்கள் வலை போடுவதைக் கரையிலிருந்து எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வந்ததும் எடுத்துவிடலாம், மதியத்துக்கு மேல் தாமதம் கூடாது என்று பெரியவர்கள் அறிவித்துவிட்டார்கள்.

எட்டு மணிக்கு மகள் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டாள். அடுத்த விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமாம். நான் எழுந்து வாசலுக்குப் போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"அண்ணி அழுதுனு இன்னாமோ சொல்றாங்க. நான் போய் வந்தவன், எனக்குத் தெரியாதா?" என்றான் கொழுந்தன்.

மதியமும் தாண்டியது. கொழுந்தன் மகளின் போனுக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "சுவிட்ச் ஆஃப்னு வருது. கெளம்பவே இல்ல போல" என்றான்.

"பிளேன்ல இருக்காடா! பிளேன்ல போன் எப்படிடா வேலை செய்யும்?" என்று கத்தினேன்.

ஒரு பெரியவர் சிரித்தே விட்டார். "அந்தக் காலத்து டச்சுக்காரன் கப்பல்னாகூட இந்நேரம் வந்து சேந்திருக்கும்மா. உம் பொண்ணக் காணோமே."

பிணம் கிடக்கிற வீட்டில் அந்தச் சிரிப்பு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றி எரிகிறது. பாடையைப் பிடித்துக்கொண்டேன். கூட உட்கார்ந்து அழுத பெண்களே என் விரல்களைப் பிரித்தார்கள். அவர்கள் வீட்டுப் படகுகளும் கரையில்தானே நின்றன.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். மூன்று மணிக்கு மேல் மகள் போன் செய்தாள். "மீனம்பாக்கத்துல இறங்கிட்டேம்மா. வெச்சிருக்கச் சொல்லு, வந்துட்டேன்." நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எடுத்துவிட்டதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஏரியில் எங்கள் படகுகள் பரவியிருந்தன.

பொழுது சாயும்போது துறையில் இறங்கி, பெட்டியை மணலில் இழுத்துக்கொண்டு வந்தாள். கழுவிவிட்டிருந்த வாசலைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கொழுந்தன் எழுந்து, "இன்னாம்மா இவ்ளோ லேட்டு, ஒரு மணி நேரந்தானே..." என்று ஆரம்பித்தான்.

"கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரந்தான், சித்தப்பா. அப்பறம் மூணு மணி நேரத்துக்கு மேல அங்க தரையில காத்துனு இருந்தேன். நீ கேக்கவே இல்லியே" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நைனா மூஞ்சிய யாராவது போட்டோ புடிச்சீங்களாம்மா?"