மண்ணில்லாத் தோட்டத்துக்கு ஒரு மூட்டை மண்

மண்ணே இல்லாமல் தக்காளி வளர்ப்பவன் வீட்டுக்கு, ஒரு மூட்டை கண்மாய் வண்டலைச் சுமந்துகொண்டு போன ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "புதுசாத் தோட்டம் போட்டிருக்கேன், வாங்க" என்றுதான் என் மனைவியின் தம்பி செல்வம் சொல்லி அனுப்பியிருந்தான். தோட்டம் என்றால் மண் வேண்டாமா?

1983 மே மாதம், காலை ஒன்பது மணி. மதுரையிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் எண்பது பைசா. "மூட்டைக்கும் ஒரு டிக்கெட்டு எடுங்கண்ணே" என்றார் கண்டக்டர். எடுத்தேன்.

இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பாலிதீன் கொட்டகை. உள்ளே சிமெண்டுத் தொட்டி நிறைய சரளைக்கல், அதில் இடுப்புயரத் தக்காளிச் செடிகள். உரம் கரைத்த தண்ணீரை மோட்டார் அரைமணிக்கு ஒருதரம் தானே ஏற்றும், தானே நிற்கும். சுவரில் இருந்த கடிகாரம்தான் அதற்கு மேஸ்திரி.

மூட்டையைப் பார்த்துச் செல்வம் சிரிக்கவில்லை. "மல்லிகைக்கு ஆகும், மச்சான். கல்லுல காய்க்குமான்னு ஊரே கேக்குது. நாளைக்கு மொதப் பறிப்பு. அம்புட்டையும் ஒரு ஓட்டலுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றான். கூடை வாங்கச் சமயநல்லூருக்குக் கிளம்பினான்.

பகல் பன்னிரண்டரை. கொட்டகையில் மோட்டார் நின்றிருந்தது. ஸ்விட்சு மட்டும் போட்டபடி இருந்தது. எங்கள் ஊரில் கரண்ட் போய் மோட்டார் நின்றால், கிணற்றடிப் பக்கம் போகிறவர் யாரானாலும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார். ஆளில்லாத நேரத்தில் கரண்ட் வந்தால் மோட்டார் வறண்டு ஓடிக் கருகிவிடும். கடிகாரம்தான் நிறுத்தியிருக்கிறது என்பது உறைக்காமல், கை அந்தப் பழக்கத்தில் தானாகப் போனது. அணைத்துவிட்டு, சாப்பிட்டு, தூங்கினேன்.

மூன்று மணிக்குச் செல்வம் வந்து எழுப்பினான். செடிகள் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன.

"ஸ்விட்ச அமத்துனது யாரு?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். அவன் மோட்டாரை விடாமல் ஓடவிட்டான். அவன் மனைவி சாந்தியும் நானும் சாக்குகளை நனைத்துக் கூரைமேல் போட்டோம். வண்டலைக் கொட்டிவிட்டு என் சாக்கையும் போட்டேன். நான் கொண்டுபோனதில் அன்றைக்கு உதவியது அது ஒன்றுதான்.

ஐந்தரைக்கு ஓர் இலை நிமிர்ந்தது. ஆறரைக்கு எல்லாம் நிமிர்ந்தன. "பொழச்சிருச்சுங்க" என்று சாந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் வீட்டுக் கத்தரிச்செடி, நான் ஒரு வாரம் மறந்தாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருக்கும். இந்தச் செடிகளால் என்னை ஒரு மத்தியானம்கூடத் தாங்க முடியவில்லை.

ஏழு மணி பஸ்ஸுக்கு ஏற்றிவிடச் செல்வம் வந்தான்.

"அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டு வரட்டும், மாப்ள?"

"கையக் கட்டிக்கிட்டு வாங்க."