வீரமலைக்கு நெய்ப்பந்தம் பிடித்தவள்

"பேரன் பேத்தியெல்லாம் முன்னால வாங்கப்பா, நெய்ப்பந்தம் பிடிக்கணும்" என்று பங்காளி வீட்டுப் பெரியவர் குரல் கொடுத்ததுதான் தாமதம், ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் போட்டிருந்த அந்தப் பந்தலில் பாதிக் கூட்டம் நகர்ந்து முன்னால் வந்துவிட்டது. பெரியவர் திருதிருவென்று முழித்தார். அவருக்குத் தெரிந்து வீரமலைக்கு இருந்தது ஒரே ஒரு பேத்தி, கலைமதி. தில்லைநகரில் ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற லேபில் வேலை பார்க்கிற பெண். இங்கே வந்து நிற்பதோ மீசை நரைத்த ஆட்கள், ஆட்டோ ஓட்டுகிறவர், காலேஜ் பெண்கள், வேளாங்கண்ணிக்கு மாலை போட்டிருந்த ஒருத்தர். இவங்கெல்லாம் யாருங்கிறீங்களா? வீரமலையிடம் பூப்பந்து ஆடக் கற்றுக்கொண்டவர்கள். கிரவுண்டில் அவர் எல்லாருக்கும் தாத்தாதான்.

இந்த இடத்தில் வீரமலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வையம்பட்டிப் பக்கத்துக்காரர். கடலை போட்டால் மழை வராது, மழை வந்தால் கடலை அழுகிவிடும், அப்படிப்பட்ட பூமி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சிக்குக் கிளம்பிய கூட்டாளிக்குத் துணையாகத்தான் வந்தார். கூட்டாளிக்கு நெஞ்சளவு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டு, துணைக்கு வந்தவரைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். எழுபத்தொண்ணு சண்டையில் இருந்திருக்கிறார். ஒரு காது மந்தமாகி, ஹவில்தாராக ஊர் திரும்பினார். ஸ்ரீரங்கத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். பகல் பூரா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அந்த உடம்புக்கு ஒத்துவருமா? கொள்ளிடக் கரையோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை வெட்டித் திருத்தி, ரெண்டு கம்பம் நட்டு வலை கட்டினார். ரெஜிமெண்டில் ஆடிப் பழகிய ஆட்டம் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்தும் பேட்டும் தன் பென்ஷனில் வாங்கிப் போட்டார். தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன.

அந்த மனுஷனுக்கு வீட்டில்தான் ஒன்றும் நிலைக்கவில்லை. பெண்டாட்டி முதலில் போனாள். பிறகு மஞ்சள் காமாலையில் மகன். மருமகள் சின்ன வயசு. திருப்பூரில் மாப்பிள்ளை பார்த்து, வீரமலையே முன்னால் நின்று அவளுக்கு மறுகல்யாணம் செய்து வைத்தார். குழந்தை கலைமதி தாத்தாவிடம் தங்கிவிட்டாள்.

வளர்த்தார் பாருங்கள், அப்படி ஒரு வளர்ப்பு! காலையில் ரெட்டைச் சடை அவர்தான் பின்னுவார். ரிப்பனை மடித்து இழுக்கிற இழுப்பில் பிள்ளைக்குப் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். யூனிஃபார்ம் மடிப்பில் விரலை வைத்தால் வெட்டும். கலைமதிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். புழுதி பட்டால் போச்சு, மூச்சு இழுத்துக்கொள்ளும். அதனால் கிரவுண்டுப் பக்கமே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆனால் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார். இருட்டித் திரும்பி வந்ததும் கொல்லையில் குளித்துப் புழுதியைக் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். வந்தால் மூன்றே கேள்விதான். "சாப்ட்டியா? மருந்து போட்டியா? படிச்சியா?" மகனையே வாரிக் கொடுத்த ஆள். மிச்சம் இருக்கிற இந்த ஒன்றுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று வீட்டுக்குள்ளும் காவல் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, வாங்க தாத்தா" என்று அந்தப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று கூப்பிடும்போது கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்க தாத்தாடா, உங்களுக்கு என்னடா வந்துச்சு என்று கத்தத் தோன்றும். கத்தியதில்லை. படித்து முடித்து, வேலைக்குப் போய், வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்து, தாத்தாவும் அவளுமாகவே இருந்த இத்தனை வருஷத்திலும் அந்த எரிச்சல் மட்டும் போகவே இல்லை. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிரவுண்டில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், சாய்ந்தார். லேபுக்குப் போன் வந்து இவள் பதறியடித்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்து, அவரை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். கடைசி மூச்சைக்கூட அந்தக் கிரவுண்டுதான் வாங்கிக்கொண்டது.

அதனால்தான் பந்தலில் அவளுக்கு அந்த ஆங்காரம் வந்தது. பிலோமின்ராஜ் கையில் அதற்குள் யாரோ ஒரு பந்தத்தைக் கொடுத்திருந்தார்கள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர், வீரமலையின் முதல் செட் ஆட்டக்காரர். வேளாங்கண்ணி மாலை போட்டிருந்தவர் அவர்தான்.

"அண்ணே, அதை இப்படிக் குடுங்க" என்றாள் கலைமதி. "பேத்தி நான் ஒருத்திதான். நான் மட்டும் பிடிச்சாப் போதும்."

திருப்பூரிலிருந்து வந்திருந்த அம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, நாலு பேர் முன்னால…" கலைமதி கையை உதறினாள். பிலோமின்ராஜ் "சரிம்மா" என்று பந்தத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். அவர் போனதும் அத்தனை பேரும் போனார்கள்.

ஒற்றை ஆளாகப் பாடையைச் சுற்றி வந்தாள். அகலமான பந்தல், அத்தனை பேரும் ஒதுங்கி நின்று பார்க்க, அவள் காலடிச் சத்தம் அவளுக்கே கேட்டது. நெய் உருகி மணிக்கட்டில் சொட்டிச் சுட்டது. வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் யாராவது பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்களா என்று இருந்தது. தெரு முனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் கொள்ளிடக் கரை வரைக்கும் தாத்தாவைத் தோளில் சுமந்து போனவர்கள் அந்தக் கிரவுண்டு ஆட்கள்தான்.

பால் தெளித்த மறுநாள் அம்மாவும் பஸ் ஏறிவிட்டாள். திருப்பூரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். வீடு வெறிச்சோடிப் போனது. கலைமதி இன்ஹேலரை அழுத்தினால் அடுத்த ரூமில் கட்டில் கிறீச்சிடும், தாத்தா எழுந்து உட்காருவார்; மந்தக் காதுக்கு அந்தச் சத்தம் மட்டும் எப்படித்தான் கேட்குமோ. இப்போது அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்துக்கூட இருந்தாள். பாவி மனசு.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிரவுண்டு ஆட்களைக் கூப்பிடாமல் விட முடியாது. போனில் சொல்லவும் மனசு வரவில்லை. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சாயங்காலம் கிரவுண்டுக்கே போனாள். இத்தனை வயதில் அங்கே அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இவளைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. "வாங்க மேடம்" என்று ஒருத்தர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மேடமாம்! கலைமதிக்குச் சுருக்கென்றது. வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"கண்டிப்பா வந்துடுறோம்மா" என்ற பிலோமின்ராஜ் அவள் கையைப் பார்த்தார். "நெய் கொட்டின புண்ணு ஆறிடுச்சா? மருந்து போட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே எழுந்து போகத் தோன்றவில்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆலியா என்ற காலேஜ் பெண் ஒரு லட்டு மாதிரிப் பந்தைக் கோட்டைவிட்டாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"தாத்தா மட்டும் இருந்திருக்கணும், கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு" என்றாள் ஆலியா.

"யாரு?" என்றாள் கலைமதி.

"தாத்தாதாங்க்கா. அவரோட கர்னல் எப்படி நடப்பாரு, எப்படி பூட்ஸ் தேடுவாரு, எல்லாம் நடிச்சுக் காட்டுவாரு. எங்களுக்கு வயிறு வலிச்சுப் போயிரும்."

"எங்க தாத்தாவா?"

"வீட்டுல எப்படி இருப்பாருங்க்கா?"

கலைமதி யோசித்துவிட்டு, ரெட்டைச் சடை பின்னிவிடுவார் என்றாள். "தாத்தாவா? சடையா? போங்க்கா, சும்மா சொல்றீங்க!" என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அது நம்ப முடியவில்லை. இவளுக்கு இது நம்ப முடியவில்லை. ஒரே ஆளை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் இவள் அவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். ஏன் தாத்தா எனக்கு நடிச்சுக் காட்டலை என்று கேட்க இனி ஆளும் இல்லை.

"எப்படிச் சிரிப்பாரு?" என்று கேட்டாள். "எனக்குச் சிரிச்சுக் காட்டு."

ஆலியா முதலில் கூச்சப்பட்டாள். பிறகு ஒரு கையால் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, தொண்டைக்குள் கீச்சென்று ஆரம்பித்து, மூச்சு முட்ட முட்ட உடம்பு குலுங்கிச் சிரித்து, தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி முடித்தாள். "ஆத்தாடி, அச்சு அசல் அவரேதான்!" என்று பிலோமின்ராஜ் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கலைமதிக்கு அது யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளின் சிரிப்பாக இருந்தது. தாத்தா முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து அதன் மேல் இதை வைத்துப் பார்த்தாள். ஒட்டவே இல்லை.

"இன்னொரு தடவை சிரிம்மா" என்றாள்.